பொட்டு வைத்த ஸ்டூல்

ஆமா அண்ணாச்சி, நீங்க நெனைக்கது சரிதான். அந்த வீடியோவுல ஸ்டூலைப் புடிச்சி இழுக்கது நான்தான்.

ஆலங்குளத்துல ஏறுனதுலேர்ந்து நானும் பாத்துக்கிட்டே வாரேன். என் மூஞ்சியப் பாக்கீய, கையில இருக்க போனப் பாக்கீய, பொறவு மறுபடியும் என் மூஞ்சியப் பாக்கீய. வாயத் தொறந்து கேட்டுர வேண்டியதுதான? கேட்டுட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இப்பல்லாம் டீக்கடைக்குப் போனாக்கூட இப்பிடித்தான். டீயக் குடுத்துட்டு மாஸ்டர் என் கையப் பாக்கான், இந்தக் கைதானான்னு.

ஐயையோ, நீங்க நகர வேண்டாம். சீட்டு காலியா இருக்கது எனக்கும் தெரியுது. நான் நின்னுக்கிடுதேன். கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாத்தான் எனக்குப் பேச்சே வரும். அவ்வளவு வருசப் பழக்கம்.

கடை பேரு மட்டும் கேக்காதீய. வெளிய யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு. நானும் பேசுதது இல்ல. என்னது, இந்தப் பையா? அட, பேரு வெளிய தெரியுதா! சரி, திருப்பி வச்சிக்கிடுதேன். பாத்தத பாக்காத மாதிரி இருந்துக்கிடுங்க.

என் பேரு திரவியம். மூணாவது மாடி, பட்டு செக்‌ஷன், ஃப்ளோர் சூப்பர்வைசர். இப்ப இருக்க முதலாளியோட அப்பா, பெரிய முதலாளி இருந்த காலத்துல சேலை மடிக்க வந்து சேந்தவன். இப்ப ஆயுத பூசை கழிஞ்சதுலேர்ந்து வீட்டுல இருக்கேன். வேலைய விட்டுத் தூக்கிட்டாவன்னு ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுதான். பேப்பர்லயும் அப்பிடித்தான் போட்டிருந்தது. அது வெளிக்கு அண்ணாச்சி, வெளிக்கு. உள்ள விசயம் வேற. இன்னைக்கு முதலாளிய நேர்ல பாத்து ஒரு வார்த்தை பேசிட்டா நாளைக்கு ஃப்ளோர்ல நின்னுருவேன். தீவாளிக் கூட்டம் இந்த வாரம் பூராவும் இருக்கும். நான் இல்லாம பட்டு செக்‌ஷன் என்ன பாடு படுதோ. சாப்பாடு எறங்க மாட்டேங்குது எனக்கு.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கிடுங்க. நம்ம கடையில உக்காரதுக்குன்னு இருக்கது ரெண்டே எடம். கஸ்டமருக்கு மெத்தை. முதலாளிக்குக் கல்லா. கல்லாவுக்கு மேல படத்துல மகாலட்சுமி உக்காந்திருக்கா, அவளையும் சேத்தா மூணு. மத்தவன் எவனா இருந்தாலும் கடை தொறந்ததுலேர்ந்து சாத்துத வரைக்கும் நிக்கணும். வியாபாரம்னா அதுதான் மரியாதை. கஸ்டமரு உள்ள நுழையும்போது ஒருத்தி உக்காந்துக்கிட்டு இருந்தா, வந்தவுகளுக்கு என்ன தோணும்? இங்க ஈ ஓட்டுதாவ போலன்னு தோணும்லா?

சட்டமா? ஏன் இல்ல, இருக்கு. உக்கார எடம் குடுக்கணும்னு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. அதுக்குத்தான் குடோன்ல பெஞ்சி வாங்கிப் போட்டிருக்கோம். ஆபீசர் வந்தா காட்டுததுக்கு.

ஸ்டூலு இருக்கு, இல்லன்னு சொல்லல. அது ஏறுததுக்கு. மேல் தட்டுல இருக்க சேலைய எடுக்கணும்லா, அதுக்கு. ஏறி நிக்கலாம், எவ்வளவு நேரம்னாலும் நிக்கலாம். உக்காரதுக்கு இல்ல.

இப்ப வடிவு விசயத்துக்கு வாரேன். சுடலைவடிவுன்னு முழுப் பேரு. கங்கைகொண்டான் பக்கத்துலேர்ந்து பஸ்ஸு ஏறி வார பிள்ள. கெட்டிக்காரி. கஸ்டமரு சேலையத் தொடுத விதத்த வச்சே அவ்வோ எடுப்பாவளா, சும்மா கலைச்சிப் போட்டுட்டுப் போவாவளான்னு சொல்லிரும். நான் பழக்குன பிள்ள அது. வந்த புதுசுல செவுத்துல சாஞ்சிக்கிட்டு நிக்கும். சாய விட மாட்டேன். சாயப் பழகுனவ உக்காரப் பழகிருவா.

அன்னைக்குக் காலம்பற காய்ச்சலடிக்குன்னு லீவு கேட்டுச்சி. குடுக்கல. சீசன்ல நான் யாருக்கும் குடுக்கது இல்ல, எனக்கே நான் குடுத்துக்கிட்டது இல்ல. எங்கம்மை செத்த அன்னைக்குக் காரியத்த முடிச்சிட்டு சாயங்காலம் ஃப்ளோருக்கு வந்தவன் நான். பெரிய முதலாளி எல்லாரு முன்னாலயும் என் தோளத் தட்டி, இவன்டா ஆளுன்னு சொன்னாவ. அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நூறு தீவாளி நிக்கலாம் அண்ணாச்சி.

பாளையங்கோட்டையிலேர்ந்து ஒரு கல்யாணக் குடும்பம். முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருக்காவ. அம்மாவுக்குப் புடிச்சா பொண்ணுக்குப் புடிக்கல, பொண்ணுக்குப் புடிச்சா அத்தைக்குப் புடிக்கல. மெத்தையில சேலை குமிஞ்சி கெடக்கு. வடிவு ஸ்டூல்ல ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது. ஒரு தடவ எறங்குன பிள்ள, அப்பிடியே அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டு. கஸ்டமரு முன்னால! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஓடிப் போயி ஸ்டூலை எடுத்தேன்.

இழுக்கல அண்ணாச்சி, எடுத்தேன். கையப் போட்டா எந்திரிச்சிருவான்னு நெனச்சி எடுத்தேன். கீழ விழுந்தான்னு எழுதுதான். எங்க விழுந்தா? கீழ உக்காந்தா. அதுவும் சேலை மேல, பட்டு மேல. தலை மட்டும் ராக்குல லேசா இடிச்சிட்டு, அது வாஸ்தவம். தையல் போட்டாவ. ஆறிப்போச்சி.

அதுக்கப்புறம் நான் செஞ்சத வீடியோவுல பாத்திருப்பீயளே? ஆமா, சேலையத்தான் மொதல்ல எடுத்தேன். ரத்தம் பட்டா பட்டு போச்சில்லா? அதப் போயி என்னமோ கொலைக் குத்தம் மாதிரி வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டுதான். பொண்ணோட தங்கச்சிதான் படம் புடிச்சது. சேலை எடுக்க வந்த எடத்துல அந்தச் சின்னப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, சொல்லுங்க.

பொழுது அடையுததுக்குள்ள ஊரு பூரா காத்தாப் பறந்துட்டு. துபாய்ல இருக்க என் மச்சினன் போன் போட்டு, மாமா, நீங்களாங்கான். கடை போனு நிக்காம அடிக்கி. எடுத்தா, உன் வீட்டுப் பிள்ளைய இப்பிடித் தள்ளுவியான்னு கேக்கான். முதலாளி போனை எடுத்துக் கீழ வைங்கன்னுட்டாவ.

பொறவு கடை ஃபேஸ்புக்குல ஒண்ணு போட்டோம். இந்தச் சம்பவம் எங்கள் கடையில் நடந்தது அல்லன்னு. நல்ல யோசனைதான். ஆனா அந்த வீடியோவுல எனக்குப் பின்னால தூணு நிக்கி, தூணுல கடை பேரு, முதலாளி படம், தீவாளி வாழ்த்து எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கு. எங்களுக்கு அது கண்ணுல படவே இல்ல. நாங்க எல்லாரும் என் கையவே பாத்துக்கிட்டு இருந்துட்டோம்.

அடுத்தால, வேலை செய்யுத பிள்ளைக எல்லாம் அவகவக போன்லேர்ந்து கடையப் பத்தி நல்லதா எழுதணும்னு உத்தரவு. வாசகம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். இந்தக் கடை எங்களுக்குத் தாய் வீடு போன்றதுன்னு. கட்டுப்பாடான பிள்ளைகள்லா, ஒரு எழுத்து மாறாம அதையே எழுதிருச்சி. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, எறங்க எறங்க தாய் வீடு, தாய் வீடு. சந்தி சிரிச்சுப் போச்சி.

சரி, அந்தப் பிள்ளையவே பேச வச்சிருவோம்னு வடிவ வரச் சொன்னோம். தலையில கட்டோட வந்திச்சி. கட்டு தெரியாம முந்தானைய இழுத்துவிட்டு, பட்டு அடுக்குக்கு முன்னால நிக்க வச்சி எடுத்தோம். எனக்கு ஒண்ணும் ஆகல, தலை சுத்திக் கால் இடறிட்டு, திரவியம் அண்ணாச்சி எனக்கு அப்பா மாதிரின்னு சொல்லிச்சி. நான் சொல்லிக்குடுத்தத விடவும் நல்லாவே சொல்லிச்சி. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ஆனா எழுதுதான் பாருங்க, தலையில அடிபட்ட பொண்ண இன்னமும் நிக்க வச்சிருக்கானுவளே பாவிகன்னு! நெசமாவே அது எங்க ஒருத்தருக்கும் தோணல. உக்கார வச்சி எடுக்கலாம்னு எப்பிடித் தோணும்? உக்காந்து பாத்ததே இல்லியே நாங்க.

அப்பத்தான் முதலாளி மகன், சின்ன முதலாளி, சென்னையிலேர்ந்து ஒரு அம்மாவக் கூட்டிட்டு வந்தாவ. சுபத்ரா மேடம். ஒரு கடையோட பேரு நாறிப்போனா அத எப்பிடிக் கழுவி எடுக்கதுன்னு சொல்லிக் குடுக்கதுதான் அந்தம்மாவுக்கு வேலையாம். இதுக்கெல்லாம் படிப்பு இருக்கு பாத்துக்கிடுங்க. வந்ததும் வராததுமா முதலாளி ரூமுல உக்காந்து பேச ஆரம்பிச்சிட்டு. நான் கதவுகிட்ட நிக்கேன்.

“சார், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்களே பேசுங்க. அறிக்கையெல்லாம் வேண்டாம், உங்க வாயால பேசுங்க. நடந்தது எங்க கடையிலதான், தப்புதான்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. அவங்க வீட்டுக்குப் போங்க, கேமரா இல்லாமப் போங்க. எல்லா மாடியிலயும் ஸ்டூல் போடுங்க. போட்டதை ஊருக்குச் சொல்லாதீங்க. பொண்ணுங்க உக்காரட்டும், கடைக்கு வர்றவங்களே பார்த்துச் சொல்லுவாங்க” அப்பிடின்னா.

முதலாளி தாடையத் தடவிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாவ. வேலைக்காரப் பிள்ளைகிட்டப் போயி முதலாளி மன்னிப்புக் கேக்கதா? எந்த ஊரு நியாயம் இது? அதோட விட்டாளா? என்னப் பாத்துக் கைய நீட்டுதா.

“இன்னொண்ணு சார். இவரை வெளியே அனுப்பிட்டு நாம தப்பிச்சிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ரூல் உங்களோடது. இவர் அதை நடத்துனவர். எல்லாருக்கும் அது தெரியும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சி போச்சி. எனக்கு வக்காலத்து வாங்குத மாதிரி வாங்கி முதலாளி தலையில பழியத் தூக்கி வைக்கா பாருங்க! என்னால பொறுக்க முடியல. ரெண்டடி உள்ள வந்து சொன்னேன், மேடம், ரூலு முதலாளி போட்டது இல்ல, நானாப் போட்டது, முதலாளிக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுன்னு.

முதலாளி தலையத் தூக்கி என்னப் பாத்தாவ. அந்தப் பார்வைய நான் சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணாச்சி. அவ்வளவு வருசத்துல அப்பிடி ஒரு பார்வை பாத்ததே இல்ல. சின்ன முதலாளி உடனே போன எடுத்து எதையோ குறிச்சிக்கிட்டாவ. அந்தம்மா மட்டும் கண்ண மூடிக்கிட்டா. தோத்துட்டோம்னு தெரிஞ்சிட்டு போல.

முதலாளி பெரிய மனசு பண்ணி ஸ்டூலுக்கு மட்டும் சரின்னாவ. மத்தது ஒண்ணும் வேண்டாம், ஸ்டூல மட்டும் வாங்கிப் போட்டுருவோம்னாவ. நல்ல தேக்குல, மேல ரெக்சின் தைச்சி, மாடிக்கு மாடி வந்து எறங்கிட்டு. வந்து எறங்குனது ஆயுத பூசைக்கு முந்துன நாளு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்திச்சி. புதுப் பொருளு, நல்ல நாளு, சும்மாவா போடுவோம்? பூசை போட்டு, பத்திரிகைக்காரனையும் டிவிக்காரனையும் கூப்பிட்டு, முதலாளி கையால தீபாராதனை காட்டிப் போடுவோம்னேன். முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சிட்டு. திரவியம், உனக்குத்தான்டா கடை மேல பாசம்னாவ. இல்ல, அத சின்ன முதலாளி சொன்னாவளோ? யாரோ சொன்னாவ.

அந்தம்மா வேண்டாம் வேண்டாம்னு தலையில அடிச்சிக்கிட்டா. கேக்கலன்னதும் அன்னைக்கே பொட்டியக் கட்டிட்டா. போகும்போது என் பக்கத்துல வந்து, “நீங்க பாத்து இருங்க சார்”னு சொன்னா. என்னத்தப் பாத்து இருக்க? முதலாளி இருக்காவ, நான் இருக்கேன்.

பூசை அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும் அண்ணாச்சி. வாசல்ல ரெண்டு பக்கமும் வாழ மரம். கீழ்த் தளத்துல ஸ்டூல எல்லாம் வரிசையா நிறுத்தி, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் தெளிச்சி, உக்காருத எடத்துல நடுவாப்புல பெரிய குங்குமப் பொட்டு. கால்ல பூச்சரம். என் கையாலதான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காய் உடைச்சாச்சி. முதலாளி பட்டு வேட்டி கட்டிக்கிட்டு சூடம் காட்டுதாவ. பிள்ளைக எல்லாம் ஒரே கலர் சேலையில வரிசையாக் கைகூப்பி நிக்கி. பாக்க அவ்வளவு லட்சணம்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. அப்ப ஒரு டிவிக்காரன் கேக்கான், “சார், யாராவது ஒருத்தர உக்காரச் சொல்லுங்க, ஒரு ஷாட் எடுத்துக்கிடுதோம்”னு.

ஒருத்தரும் அசையல. பிள்ளைக ஒண்ண ஒண்ணு பாக்குது. அவன் நேரா வடிவுகிட்டப் போயிட்டான். தலையில பிளாஸ்திரி இருந்திச்சில்லா, அடையாளம் தெரிஞ்சிட்டு. “நீங்க உக்காருங்கம்மா, உங்களுக்காகத்தான போட்டிருக்காங்க”ங்கான். மைக்க நீட்டுதான். வடிவு ஸ்டூலைப் பாத்திச்சி. முதலாளியப் பாக்கல, நேரா என்னப் பாத்திச்சி. நானும் பாத்தேன். சும்மாதான் பாத்தேன், எப்பவும் பாக்க மாதிரி.

“பொட்டு வச்சிருக்கு சார். அதுமேல எப்பிடி உக்கார?” அப்பிடின்னு சொல்லிட்டு ரெண்டடி பின்னால போயிட்டு.

சரியாத்தான சொல்லிச்சி? பூசை போட்ட பொருள மறுநாள் வரைக்கும் எடுத்துப் புழங்குவமா? சாமிக்கு வச்ச அருவாளையே அன்னைக்குத் தொட மாட்டாவ. அது மேல போயி உக்காரதுன்னா? எனக்கு வாய வச்சிக்கிட்டு இருக்க முடியல. மைக்க வாங்கி நான் சொன்னேன், தம்பி, இது மகாலட்சுமி உக்காருத எடம், இதுல வேலைக்காரப் பிள்ள உக்காந்தா அடுக்குமான்னு.

நேரலையாம் அது. எனக்கு யாரு சொன்னா?

அன்னைக்கு ராத்திரிக்குள்ள மொத வீடியோவே ஒண்ணுமில்லங்கிற மாதிரி ஆயிட்டு. ஸ்டூலுக்கு மாலை போட்டு, பொண்ணுகள நிக்க வச்சி ஆரத்தி எடுக்க மாதிரி படம் வரைஞ்சி போடுதான். கடைக்கு முன்னால காலேஜ் பிள்ளைக வந்து, ஆளுக்கொரு ஸ்டூலோட ரோட்டுல உக்காந்துட்டு. தீவாளிச் சமயம். பஸ்ஸுல வந்து எறங்குத சனம் அதுகளப் பாத்துட்டு எதிர்த்த கடைக்குள்ள போவுது. முதலாளி கல்லாவுல உக்காந்துக்கிட்டு அதக் கண்ணால பாக்காவ. மூணு தலைமொறைக் கடை அண்ணாச்சி. அந்த மனுசன் மூஞ்சிய என்னால பாக்க முடியல. இந்தக் கடை போச்சின்னா நான் எங்க போயி நிப்பேன்?

அதுக்கு மறுநாளு பேப்பர்ல வந்திச்சி. அரைப் பக்கம். முதலாளி கைகூப்புத படம் போட்டு, எங்கள் நிறுவனத்தின் பண்பாட்டுக்கு முரணாகத் தன்னிச்சையாகச் செயல்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார், நடந்ததற்கும் நிர்வாகத்துக்கும் தொடர்பில்லைன்னு. என் வீட்டுக்காரி வாசிச்சிட்டு ஒப்பாரி வைக்கா. அடி கூறுகெட்டவளே, இது ஒரு ஏற்பாடுடின்னு நான் சிரிச்சேன். என் பேரப் போட்டிருக்காவளா, பாரு. போடல. ஊழியர்னுதான் போட்டிருக்காவ. வேணும்னா போட்டிருக்க முடியாதா? அதுலதான இருக்கு பாசம்.

அதுக்கு முன்னாலயே எங்கிட்டச் சொல்லியாச்சி. முதலாளி என் கையப் புடிச்சி, திரவியம், வெளிக்கு ஒரு ஆளு வேணும், கொஞ்ச நாளைக்கு ஒதுங்கி இரு, கூட்டம் அடங்குனதும் நானே கூப்பிடுதேன்னு சொன்னாவ. கையப் புடிச்சின்னா... நேர்ல இல்ல. போன்ல. முதலாளிக்கு எங்க நேரம்? கணக்குப்பிள்ளதான் பேசுனாரு. முதலாளி பக்கத்துல இருந்திருப்பாவ. பேனு சத்தம் கேட்டிச்சி, அது முதலாளி ரூமு பேனுதான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

கண்டக்டர் தம்பி, டவுணுக்கு இன்னும் எவ்வளவு நேரம்? சரி, சரி. வழிய மறிச்சி நிக்கல, ஓரமாத்தான் நிக்கேன்.

ஒரு நாளு வடிவு எங்க வீட்டுக்கு வந்திச்சி. ஆமா, அந்தப் பிள்ளையேதான். கடையிலேர்ந்து ஒருத்தர் எட்டிப் பாக்கல, அது வந்திச்சி. ஆப்பிளு வாங்கிட்டு வந்திருந்திச்சி. இப்ப அதுதான் பட்டு செக்‌ஷனப் பாத்துக்கிடுதாம். எல்லாரும் உக்காருதீயளான்னு கேட்டேன். ஆள் இல்லாத நேரத்துல உக்காருதோம் அண்ணாச்சின்னு மெதுவாச் சொல்லிச்சி. என் வீட்டுக்காரி நாற்காலிய இழுத்துப் போட்டு, உக்காரு தாயின்னா. அந்தப் பிள்ள நாற்காலியப் பாத்திச்சி, என்னப் பாத்திச்சி, உக்காரல. நின்னுக்கிட்டே காபியக் குடிச்சிட்டு, போயிட்டு வாரேன்னு போயிட்டு. பாத்தியளா? கடைக்கு வெளியயும் மரியாத தெரிஞ்ச பிள்ள. நான் பழக்குனதுலா!

அது போனதுக்கப்புறம் என் வீட்டுக்காரி ராத்திரி வரைக்கும் எங்கூடப் பேசல. அவளுக்கு என்னமோ கோவம். கேட்டா சொல்ல மாட்டேங்கா.

இன்னைக்குத்தான் மொத தடவையா கடைக்குப் போறேனான்னு கேக்கீய. இல்ல. போன வாரம் ஒரு தடவ போனேன். வாசல்ல புது செக்யூரிட்டி, வடக்கத்திப் பையன், என்னத் தெரியல. உள்ள கேட்டுட்டு வந்து, வெயிட் பண்ணுங்கன்னு ஒரு ஸ்டூலைக் காட்டுதான். நம்ம பூசை போட்ட ஸ்டூலு. பொட்டு அழிஞ்சி லேசா செவப்பு மட்டும் தெரியுது. எனக்கு உக்காரத் தோணுமா? பக்கத்துல நின்னேன். கடை சாத்துத வரைக்கும் நின்னேன். முதலாளி கார்ல வரும்போதும் நின்னேன், போகும்போதும் நின்னேன். கண்ணாடி ஏத்தியிருந்திச்சி. என்னப் பாத்தாவ, பாக்காமலா இருப்பாவ? போன்ல பேசிக்கிட்டு இருந்தாவ, அதான் நிறுத்தல.

அதான் இன்னைக்குச் சீக்கிரமே கெளம்பிட்டேன். கடை தொறக்கும்போதே போயி நின்னுருவேன். முதலாளி கல்லாவுல உக்காந்தாவன்னா வாசல் நேராத் தெரியும். நான் நிக்கது கண்ணுல பட்டுத்தான ஆகணும்? ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு கூப்பிட்டுத்தான ஆகணும்? நீங்க என்ன சொல்லுதீய? கூப்பிடுவாவள்லா? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீய?

என்ன கண்டக்டர் தம்பி? உக்காரணுமா? இல்ல தம்பி, நான் நின்னே... பிரேக்கு போட்டா விழுந்து தொலைப்பேன்னா சொல்லுத? யாரப் பாத்து! இந்தக் காலு தீவாளி தீவாளியா நின்ன... ஐயோ. யம்மா. ஒண்ணுமில்ல அண்ணாச்சி, விடுங்க, விடுங்க. நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்கு, வண்டி குலுங்குனா ஒரு இழு இழுக்கும். வேட்டியத் தூக்கிப் பாக்காதீய, பாக்க நல்லா இருக்காது. டாக்டரு நிக்கவே கூடாதுங்கான். அவனுக்கு என்ன, உக்காந்துக்கிட்டுச் சொல்லுவான்.

சரி. இப்பிடி ஓரத்துல உக்காந்துக்கிடுதேன். நீங்க இவ்வளவு சொல்லுதியேன்னு. பையி மடியில இருக்கட்டும்.

ஒரு உதவி செய்யுங்க அண்ணாச்சி. பேட்டை தாண்டி, டவுணுக்குள்ள திரும்பும்போது எடது பக்கம் ஒரு பெரிய பேனரு வரும். புதுசா வச்சிருக்காவளாம், நம்ம கடை தீவாளி பேனரு. வடிவு பட்டு கட்டிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்து சிரிக்க மாதிரி படமாம். பக்கத்துல முதலாளி படமும் இருக்காம், கைகூப்பிக்கிட்டு. எனக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து சரியாத் தெரியாது. நீங்க ஜன்னலோரம் இருக்கீய.

அது வரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எந்திரிச்சி நின்னுக்கிடுதேன்.